'குண்டா இருக்கான், அதான் மூச்சு வாங்குது'... குழந்தைகளின் உடல் பருமன் நுரையீரலை என்ன செய்கிறது?

இந்தியாவில் உடல் பருமன் கொண்ட 5 முதல் 19 வயதினர் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் அது 1.25 கோடி என்கிறது 'லான்செட்' இதழில் 2024-ல் வெளியான ஆய்வு. எடை கூடினால் சுகர் வரும், ஹார்ட்டுக்கு ஆகாது என்பது பலருக்கும் தெரியும். நுரையீரல் மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். வயிற்றிலும் மார்பைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தால் அதற்கு இடம் கிடைக்காது. மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றும் குறையும். இதோடு, கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களையும் சுரக்கிறது.

டெஸ்ட் நார்மல்னு வந்தா போதுமா?

சிக்கலே இங்கேதான். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையில் இரண்டு அளவுகள் முக்கியம். மொத்தம் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது? அதில் முதல் நொடியில் வெளியேறுவது எவ்வளவு? பருமனான குழந்தைகளுக்கு இரண்டுமே நார்மலாக, சில சமயம் அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால், இரண்டுக்கும் உள்ள விகிதம் குறையும். நுரையீரல் வளர்ந்த அளவுக்குக் காற்றுக்குழாய்கள் அகலமாகவில்லை என்று அர்த்தம். பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு ஒல்லியான பைப் மாட்டிய மாதிரி. மருத்துவத்தில் இதை 'டிஸ்அனாப்சிஸ்' என்கிறார்கள். இந்த நிலையோடு ஆஸ்துமாவும் சேர்ந்தால் அது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு இன்ஹேலரும் எதிர்பார்த்த அளவு கைகொடுக்காமல் போகலாம்.

பெற்றோர் எங்கே தவறுகிறார்கள்?

இரண்டு பக்கமும். எடை மேல் பழியைப் போட்டு ஆஸ்துமாவைக் கவனிக்காமல் விடுவது ஒன்று. மூச்சு வாங்குகிறது என்பதற்காக விளையாட்டையே நிறுத்திவிடுவது இன்னொன்று. அசைவு குறைந்தால் எடை கூடும், மூச்சு இன்னும் வாங்கும்.

அப்போ என்ன பண்ணலாம்?

இரவு இருமல், வீசிங், சத்தமான குறட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்பைரோமெட்ரி எடுத்தால் விகிதத்தையும் கேளுங்கள். தினமும் 60 நிமிடம் ஓடியாடி விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வளரும் குழந்தைக்குக் கடும் டயட் தேவையில்லை. பலருக்கு உயரம் கூடும்வரை எடை கூடாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

நுரையீரலின் திறன் 20 வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறையத் தொடங்கும். ஸ்கூல் வயதில் சேர்ப்பதுதான் பின்னாளுக்கான சேமிப்பு.