வலிக்காத நோய்

நோயென்றால் வலி என்பதே நம்மவர் வகுத்துக்கொண்ட இலக்கணம். நோவு என்னும் ஒரே சொல் நோயையும் வலியையும் குறிக்கக் காண்கிறோம். அவ்விலக்கணத்திற்குள் அடங்காதது நாட்பட்ட சிறுநீரக நோய்.

நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே மீண்டும் தந்துவிடுபவை சிறுநீரகங்கள். அவற்றில் ஒரு பகுதி பழுதுற்றாலும் எஞ்சிய பகுதி கூடுதலாய் உழைத்துக் குறையை மறைத்துவிடும். கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் தோன்றும்போது பெரும்பகுதி இழக்கப்பட்டிருக்கும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பாக இருப்பதைக் கண்டே பலர் மனநிறைவு அடைகின்றனர். சிறுநீரகத்தின் செயல்திறன் பாதியளவு குன்றும்வரை அவ்வளவு இயல்பெல்லையைத் தாண்டாதிருக்கக்கூடும். அதற்கு முன்னரே அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கலாம். நீரிழிவு உடையோரிடம் இது மிகுதி. ஆகவே சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், இரத்தச் சோதனையால் கணிக்கப்பெறும் வடிகட்டுதிறன் ஆகிய இரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். விகிதம் 30 மில்லிகிராமை எட்டினாலோ, வடிகட்டுதிறன் 60-க்குக் கீழே இறங்கினாலோ, அந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்றதா என்று பார்த்தே மருத்துவர் முடிவு கூறுவர்.

இதற்காக ஊரார் அனைவரையும் வரிசையில் நிறுத்த வேண்டுவதில்லை. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உடையோரும், குடும்பத்தில் இந்நோய் கண்டோரும் ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொண்டால் பெரும்பயன் விளையும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர்ச் சோதனைக்கு வழிவகுத்தது. வாயிலருகே வந்த வாய்ப்பைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது.

"தெரிந்தால் கவலைதானே மிஞ்சும்?" என்பாரும் உளர். தொடக்கத்திலேயே தெரிந்தால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தலாம். புரதக் கசிவைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. வலி மாத்திரைகளை மனம்போல் விழுங்குவதை நிறுத்தலாம். இவை நோயின் வேகத்தைத் தணிக்க வல்லன. காலங்கடந்து தெரிந்தாலோ, வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணிநேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே கழியும் வாழ்வே பலருக்கு எஞ்சுகின்றது.

டயாலிசிஸ் செலவுக்கெனக் கையேந்தி வருவோர்க்கு நம் பெரியோர்கள் மனமுவந்து வழங்குகின்றனர். அக்கொடை போற்றத்தக்கது. அதில் ஒரு சிறு பங்கு ஆண்டுதோறும் சோதனை முகாமுக்குச் செல்லுமானால், பின்னாளில் கையேந்த வேண்டிய நிலை சிலருக்கேனும் வாராது தடுக்கலாம். மாணவச் செல்வங்களே! இன்று வீடு திரும்பியதும் பெற்றோரிடம் "வலிக்கிறதா?" என்று கேளாதீர்கள், "சிறுநீர்ச் சோதனை செய்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள்.