வீட்டுக்கு வீடு ஒரு தாயம்

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடங்காது. அந்த மாதங்களில் திண்ணையில் சீட்டுக்கட்டோ, காகிதத்தில் அச்சடித்த பரமபதமோ விரித்து வைக்க முடியாது, பறந்துவிடும். அதனால் மத்தியான வேளையில் பெண்கள் செங்கல் துண்டால் தரையில் கட்டம் கீறித் தாயம் ஆடுவார்கள். சூளைகள் உள்ள ஊரில் செங்கல் துண்டுக்கா பஞ்சம்! ஒருவருக்குக் காய் உடைந்த வளையல், இன்னொருவருக்குக் கூழாங்கல். குலுக்கிப் போட, ஒரு புறம் மட்டும் தரையில் உரசி வெளுத்த புளியங்கொட்டை.

இப்போது அதே தெருவில், அதே மத்தியானத்தில், கைபேசியில் லூடோ ஓடுகிறது. எதிரே ஆடுவது வளைகுடாவில் இருக்கும் மகனாகவோ பெங்களூரில் வேலை பார்க்கும் மகளாகவோ இருக்கலாம். இதில் வருத்தப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இருக்கும் வீட்டில், “சாப்பிட்டியா, உடம்பு எப்படி” என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஒரு பலகை நடுவில் இருந்தால் அரை மணி நேரம் சேர்ந்திருக்கக் காரணம் கிடைக்கிறது. வெட்டுப்பட்ட அண்ணன் கத்துகிறான், வெட்டிய தங்கை சிரிக்கிறாள், இருவருக்கும் நடுவில் அம்மா இருக்கிறார். இது பெரிய கொடை. என் கவலை வேறு: ஆட்டத்தின் விதி வீட்டாரின் கையைவிட்டுப் போய்விட்டது.

தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும், அதற்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது. தாயக்கட்டையில் வெறும் முகம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் காய் இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டே விதம். இரண்டும் வெறும் முகம் காட்டினால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு என்று வைத்தால் 16-க்கு 6 தடவை கை மாறாது. கட்டைக்குப் பதில் ஆறு சோழி குலுக்கினால் கணக்கே மாறிவிடும். சோழி நிமிர்வதும் கவிழ்வதும் சம வாய்ப்பு என்றே கொண்டாலும், ஒரு சோழி மட்டும் நிமிரும் தாயம் 64-க்கு 6 தடவைதான். தாயம் விழாமலே பொழுது போய்விடும். ஆகவே ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று சில வீடுகளில் தளர்த்திக்கொள்வார்கள். வெட்டு வாங்காமல் உள்கட்டத்துக்குள் போகலாமா, வெட்டுப்படாத மலைக்கட்டத்தில் எதிராளியின் காயோடு சேர்ந்து உட்காரலாமா, ஜோடிக் காயை ஒற்றைக் காய் வெட்டலாமா, காய் சுற்றை முடித்துப் பழமாவதற்குச் சரியான எண்தான் விழ வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு வீடு பதில் வேறு.

தோவாளையிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள் தன் வீட்டு வழக்கைச் சொல்வாள். “இங்க அப்படி வெட்டப்பிடாது மக்களே” என்பார் மாமியார். காய் நகர்வதற்கு முன்னமே ஒரு பஞ்சாயத்து நடந்து, இன்றைக்கு இப்படி ஆடலாம் என்று முடிவாகும். முடிவானபின் மாமியாரும் அதை மீற முடியாது. சின்னப் பிள்ளை ஆட்டத்துக்கு வந்தால் தாயம் விழாமலே ஒரு காய் இறக்கித் தருவார்கள். விதி என்பது கூடிப் பேசி வகுப்பது, வகுத்தபின் எல்லோரையும் கட்டுவது, இளைத்தவருக்காகக் கொஞ்சம் வளைவது: இந்த மூன்றையும் ஒரு பிள்ளை ஐந்து வயதில் திண்ணையிலேயே கற்றுக்கொள்ளும். நான் பார்த்தவரை, தாயத்தில் பாதி ஆட்டம் இந்தப் பேச்சுதான்.

கைபேசியில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நவி மும்பையிலிருந்து விகாஷ் ஜெய்ஸ்வாலின் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் நாட்டின் பொதுத்திண்ணை ஆனது. லூடோ என்ற வடிவமே நம் பச்சீசியிலிருந்து பிறந்து, 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும். அது ஆரல்வாய்மொழிக்கும் அமிர்தசரஸுக்கும் ஒன்றே. சில ஆட்ட வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் வகைகளை வகுத்தது நிறுவனம். ஐந்து வயதுப் பேத்திக்கு ஒரு காய் விட்டுக்கொடுக்கப் பாட்டி நினைத்தால், அதற்கொரு பொத்தான் அதில் இல்லை.

உருட்டுவதும் கைக்கு வெளியே போய்விட்டது. “இந்த போன் கள்ளாட்டம் ஆடுது” என்று வீடுகளில் சொல்லாதவர் குறைவு. உண்மையில், நேர்மையான பகடையே பத்து முறை உருட்டியும் ஆறு காட்டாமல் போக ஏறத்தாழ 16 சதவீத வாய்ப்பு உண்டு. நால்வர் ஆடினால், அவர்களில் ஒருவருக்காவது முதல் பத்து உருட்டில் ஆறே விழாமல் போவது பாதிக்குப் பாதி நடக்கக்கூடியதுதான். ஆக, சந்தேகம் பெரும்பாலும் தவறாக இருக்கலாம். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வழி? புளியங்கொட்டை சாய்ந்து நின்றால் நால்வரும் குனிந்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வேறு கொட்டை வரும். செயலிக்குள் எண் எப்படிப் பிறக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆடுபவருக்கு வழி கிடையாது.

பணம் கலந்தபோது இந்த மறைவு ஆபத்தானது. பந்தய லூடோ செயலிகள் பெருகின. இது திறமை விளையாட்டு என்று நிறுவனங்கள் வாதாடின. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது; ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. இதை மனமார வரவேற்கிறேன். குடும்பம் கூடி ஆடும் பலகையின் முகத்தைக் காட்டிச் சூதுக்கு ஆள் பிடித்தது பெருங்கொடுமை. ஆனால் சட்டம் பந்தயத்தைத்தான் நிறுத்தும். விதியை வீட்டுக்குத் திருப்பித் தருவது சட்டத்தின் வேலையல்ல, அதை நாம்தான் செய்ய வேண்டும்.

செய்யவும் முடியும். முதலில் உரிமைச் சிக்கலைப் பார்ப்போம். கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபிளைப் போலவே ‘ஸ்கிராபுலஸ்’ என்று ஒரு சொல்லாட்டத்தை ஃபேஸ்புக்கில் ஓடவிட்டார்கள். உலகமே ஆடியது, வழக்கும் வந்தது. 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பெயர் வணிகமுத்திரையை மீறுகிறது என்று அதைத் தடுத்தது. பலகைக்குப் பதிப்புரிமை கோரியதை ஏற்கவில்லை. தாயத்துக்கோ பெயருக்கும் சொந்தக்காரர் இல்லை, பலகைக்கும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துச் செய்யலாம். வீட்டு வழக்கத்துக்கு இடம் தருவதும் தொழில்நுட்பத்துக்குப் பெரிய பாரமல்ல. மோனோபோலியின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவே 2014-இல் வீடுகளில் நடைமுறையிலிருந்த விதிகளைக் கேட்டு வாங்கி, வாக்கெடுப்பு நடத்தி, அவற்றைச் சேர்த்து ஒரு பதிப்பு கொண்டுவந்தது. அந்த ஆட்டமே, லிஸி மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற மூலப்பலகையை ஆடியவர்கள் தங்கள் ஊர்த்தெருப் பெயர்களை எழுதித் திருத்தித் திருத்தி வளர்த்தது.

சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் ‘கிரீடா’ 2002 முதல் மரபு விளையாட்டுகளை மறுபடி வீடுகளுக்குக் கொண்டுசேர்த்து வருகிறது. அந்த உழைப்புக்குத் துணையாக ஒரு பொதுச்செயலி வர வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அதைச் செய்யத் தகுந்த இடம். விளம்பரம் கூடாது, பணம் கூடாது, நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்முன் நால்வரும் பேசி விதியை வைத்துக்கொள்ள ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட விதிக்கு அந்த வீட்டின் பெயரையே சூட்டிச் சேமிக்கவும் வேண்டும். வளைகுடாவின் தம்மாமில் இருப்பவர் அதைத் திறந்தால் தன் ஆச்சியின் தாயத்தையே ஆடலாம்.

அதற்கு முதலில் விதிகள் கைவசம் வேண்டும். அவை எழுபது, எண்பது வயதுப் பெண்களின் நினைவில்தான் இருக்கின்றன, அதனால்தான் இந்த அவசரம். தோவாளை வட்டப் பள்ளிகள் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். பிள்ளைகள் வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவரட்டும்: கட்டம் எத்தனைக்கு எத்தனை? கட்டையா, சோழியா, கொட்டையா? காய் எதற்கு இறங்கும்? மறு ஆட்டம் எதற்கெல்லாம் உண்டு? வெட்டில்லாமல் உள்ளே போகலாமா? சின்னப் பிள்ளைக்கு என்ன சலுகை? இந்த வழக்கத்தை யாரிடம், எந்த ஊரில் கற்றீர்கள்?