ஒரே ஒரு தங்கம்: மாலத்தீவின் ‘குறுவட்டப் போட்டி’ எப்போது நடக்கும்?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டையும் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு பெண் நன்றாக ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையும் பள்ளிக்கூடத்து மண் திடலும்தான் அவளுக்கு மைதானம். அவளை நேராகக் கொண்டுபோய் சென்னை நேரு ஸ்டேடியத்தில் மாநிலப் போட்டியில் நிறுத்தினால் என்ன ஆகும்? கடைசியாக வருவாள். ‘மலைப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராது’ என்று யாராவது ஒருவர் சொல்வார். அதோடு அவள் ஓட்டம் முடிந்துவிடும்.

அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் பள்ளிக்கல்வித் துறையில் குறுவட்டப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகளோடு முதலில் குறுவட்டம், அதில் ஜெயித்தால் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பாதி வழியில் வாந்தி எடுத்து, சேலத்து வெயிலில் ஓடுகிற பிள்ளைக்கு அந்தக் குறுவட்டச் சான்றிதழ் சாதாரணக் காகிதம் இல்லை. பி.டி. சார் அடுத்த வருஷமும் அவளை அழைத்துக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம்.

இப்போது அந்தக் குறுவட்டப் போட்டியையே ஐந்தாறு வருடங்கள் நடத்தாமல் விட்டுவிட்டால்? மாநிலப் போட்டிக்கு அதனால் ஒரு குறையும் வராது. சென்னையிலும் கோவையிலும் பெரிய அகாடமிகளில் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு அது நின்றுபோனதே தெரியாது. மலைமேல் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏணியின் முதல் படி இருக்காது.

மாலத்தீவுக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். தெற்காசிய விளையாட்டுப் போட்டி கடைசியாக நடந்தது 2019 டிசம்பரில், நேபாளத்தில். 14வது போட்டியை 2021-இல் பாகிஸ்தான் நடத்த வேண்டியது. அது 2023, 2024, 2026 என்று தள்ளிக்கொண்டே போனது. இந்தியாவில் பலருக்கு இப்படி ஒரு போட்டி இருந்ததே நினைவில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் 1984-இல் காத்மாண்டுவில் தொடங்கிய நாளிலிருந்து 13 முறையும் பதக்கப் பட்டியலில் முதலிடம் இந்தியாவுக்குத்தான்.

174-உம் 1-உம்

2019 பட்டியலைப் பாருங்கள். இந்தியாவுக்கு 174 தங்கம். மொத்தம் 312 பதக்கங்கள். ஏழு நாடுகளில் மாலத்தீவு பெற்றது 1 தங்கம், 4 வெண்கலம். பூடானுக்கு 20 பதக்கம் கிடைத்தும் ஒரு தங்கம்கூட இல்லை.

அந்த ஒரு தங்கம் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் வந்தது. தசரத் ஸ்டேடியத்தில் ஹசன் சாயித் 10.49 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்தார். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் எல்லாம் ஆள் நிறுத்தும் போட்டியில், தெற்காசியாவின் அதிவேக மனிதர் மாலத்தீவுக்காரர். 1984-இலிருந்து வந்துகொண்டிருந்த அந்த நாட்டுக்கு இந்தப் போட்டியில் கிடைத்த முதல் தங்கமும் அதுதான். முப்பத்தைந்து வருடக் காத்திருப்பு.

மாலத்தீவில் மொத்தம் 5 லட்சம் பேர்தான். வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டவரைக் கழித்தால் 4 லட்சத்துக்குள். சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே 34.8 லட்சம் பேர். அதாவது சேலம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆட்களை வைத்துக்கொண்டு, அவர்களையும் ஏறக்குறைய 190 தீவுகளில் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு தேசிய அணி கட்ட வேண்டும். தலைநகர் மாலே உலகின் மிக நெரிசலான ஊர்களில் ஒன்று. அங்கே 400 மீட்டர் ஓடுதளம் என்பதே பெரிய ஆடம்பரம். ஒரு தீவில் திறமையான பையன் இருந்தால் படகிலோ விமானத்திலோ வர வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைக்கு அரசு பஸ்ஸாவது இருக்கிறது.

ஆள் கணக்குப்படி பார்த்தால் இந்தியாவுக்கு சுமார் 79 லட்சம் பேருக்கு ஒரு தங்கம், மாலத்தீவுக்கு 4 லட்சம் பேருக்கு ஒன்று. (இந்த மாதிரிக் கணக்கை அதிகம் நம்பக்கூடாது. ஒரே ஒரு பதக்கத்தை வைத்துச் சராசரி எடுத்தால் எதையும் நிரூபிக்கலாம்.) ஆனால் பதக்கப் பட்டியல் என்கிற வடிவமே பெரிய நாடுகளுக்காகச் செய்தது என்பது அதில் தெரியும். அது எண்ணுகிறதே தவிர எடை போடுவதில்லை.

எடை எப்படித் தெரியும்? யாருக்கு யாரை நினைவிருக்கிறது என்று பார்த்தால் தெரியும். 2019-இல் இந்தியா வென்ற 174 தங்கத்தில் ஐந்து பெயர்களை இங்கே யாராவது சொல்ல முடியுமா? மாலத்தீவில் சாயித் பெயரை மறப்பது கஷ்டம். தமிழர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டி, அன்றைய சிலோனுக்கு முதல் ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அதே மே மாத இறுதியில்தான் அந்தத் தீவில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்து அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் கொடி ஏறுகிறது, இன்னொரு பக்கம் வீடு எரிகிறது. அவர் 2024-இல் காலமானபோது, 66 வருடத்துக்கு முந்தைய அந்தத் தாண்டலை வைத்துத்தான் எல்லோரும் அவரை அடையாளம் சொன்னார்கள்.

ஒலிம்பிக்கில் இடம் இருக்கிறதே?

‘தெற்காசியப் போட்டி இல்லாவிட்டால் என்ன, இவர்கள் ஒலிம்பிக்குக்கே போகிறார்களே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாலத்தீவு 1988 சியோலிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. சாயித் 2016 ரியோவிலும், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் ஓடினார்.

அது எப்படி என்று தெரிந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். தகுதி நேரத்தை எட்டிய தடகள வீரர் யாரும் இல்லாத நாடுகளுக்கு ஒரு தனி ஒதுக்கீடு உண்டு. அதன் மூலம் ஓரிருவரை அனுப்பலாம். இப்படி வருபவர்களுக்காகவே 100 மீட்டரில் முதல் சுற்றுக்கும் முன்னால் ஒரு முன்சுற்று வைக்கிறார்கள். உசேன் போல்ட் ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடக்கும் சுற்று அது.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். ஒலிம்பிக் ஒதுக்கீட்டையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது. தனித் தொகுதியில் நிற்பவர் ஜெயித்து சட்டமன்றம் போகிறார். ஒலிம்பிக் ஒதுக்கீட்டில் போகிறவருக்கு உள்ளே நுழைய அனுமதி மட்டும்தான். அங்கே ஜெயிப்பதற்கு அவருக்கு வழியே இல்லை. ஆசிய விளையாட்டும் பெரிய வித்தியாசம் இல்லை, சீனாவும் ஜப்பானும் நிற்கும் களம். அங்கே மாலத்தீவு இதுவரை ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை.

ஜெயிக்கவும் தோற்கவும் சமவாய்ப்பு உள்ள ஒரு களம் வேண்டும். மாலத்தீவுக்கு அப்படிப்பட்டவை இரண்டு. ஒன்று, இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுப் போட்டி. மொரீஷியஸ், ரீயூனியன், செஷல்ஸ், மடகாஸ்கர் போன்றவை ஆடும் போட்டி (மொரீஷியஸ், ரீயூனியன் அணிகளில் தமிழ்ப் பெயர்கள் கண்ணில் படும், அது தனிக் கதை). இரண்டாவது, தெற்காசியப் போட்டி. முதலாவது நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக நடக்கப் பார்க்கிறது. இரண்டாவதுதான் படுத்துவிட்டது.

சின்ன நாடுகளை இந்தப் போட்டி எவ்வளவு தூக்கிவிடும் என்பதற்குக் கால்பந்து நல்ல சாட்சி. 1984-இல் முதல் போட்டியிலேயே கால்பந்தில் வெண்கலம், 1991 கொழும்புவில் வெள்ளி என்று மாலத்தீவு அதில்தான் வளர்ந்தது. பிறகு 2008-இலும் 2018-இலும் தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் இறுதிப் போட்டியில் தோற்றது இந்தியா. 2018-இல் இந்தியா அனுப்பியது பெரும்பாலும் இளையோர் அணி என்று சமாதானம் சொல்லலாம். சொன்னார்கள்.

நேபாளத்தின் கதையும் இதில் சேரும். 2016-இல் கவுஹாத்தியிலும் ஷில்லாங்கிலும் நடந்தபோது நேபாளத்துக்குக் கிடைத்தது 3 தங்கம். நான்கு வருடத்துக்குள் சொந்த மண்ணில் 51. அதில் உள்ளூர்ச் சாதகம் நிறைய உண்டு. ஆனால் போட்டி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அரசு பணம் இறக்கியது, ஸ்டேடியம் எழுந்தது, பயிற்சி முகாம்கள் நடந்தன. தேதி என்று ஒன்று இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கிரிக்கெட்டுக்கு துபாய் கிடைத்தது

போட்டி ஏன் நடக்கவில்லை என்பது ரகசியம் இல்லை. முதலில் கொரோனா. அப்புறம் இந்தியா - பாகிஸ்தான் உறவு. பாகிஸ்தானில் நடத்தினால் இந்தியா போகுமா என்பதே பெரிய கேள்வி. இந்தியா இல்லாமல் நடத்தினால் அது தெற்காசியப் போட்டியா என்பது அடுத்த கேள்வி. இரண்டு பெரியவர்கள் வாசலில் நின்று சண்டை போடும்போது உள்ளே இருக்கும் சின்னப் பிள்ளைகள் வெளியே வர முடியாத கதைதான்.

இதே சிக்கல் 2025 சாம்பியன்ஸ் டிராபிக்கும் வந்தது. நடத்தியது பாகிஸ்தான், போக மறுத்தது இந்தியா. ஆனால் போட்டி நிற்கவில்லை. இந்தியாவின் ஆட்டங்கள் துபாய்க்குப் போயின, இறுதிப் போட்டியும் அங்கேயே நடந்தது. டிவி உரிமைப் பணம் இருந்ததால் வழியும் இருந்தது. நீச்சலுக்கும் பளுதூக்குதலுக்கும் யார் துபாய் தேடித் தருவார்கள்?

தனித்தனி விளையாட்டுகளில் தெற்காசியப் போட்டிகள் நடக்கவே செய்கின்றன என்பது உண்மை. 2024 செப்டம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் தெற்காசிய ஜூனியர் தடகளம் நடந்தது. இந்தியா 21 தங்கம் எடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு சின்ன நாட்டில் அமைச்சர் வந்து கொடியசைத்து அனுப்பிவைப்பதும், பட்ஜெட்டில் தனியாகத் தொகை ஒதுக்குவதும் பல விளையாட்டும் சேர்ந்த பெரிய போட்டிக்குத்தான். டேபிள் டென்னிஸ் ஆடும் பெண்ணுக்கும் ஓட்டக்காரனுக்கும் ஒரே சீருடை தைப்பது அதற்குத்தான்.

மற்ற இடங்களில் சின்ன நாடுகள் பெரியவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஐரோப்பாவில் 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நாடுகள் சேர்ந்து 1985-இல் சான் மரினோவில் தங்களுக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கின. பசிபிக் தீவுகள் 1963-இலிருந்து நடத்துகின்றன. அந்தப் பகுதியில் இருக்கும் நவ்ருவின் மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். அங்கிருந்து வந்த பளுதூக்கும் வீரர் மார்கஸ் ஸ்டீபன் 1990 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்; பின்னாளில் அந்த நாட்டின் அதிபரும் ஆனார். தெற்காசியாவில் அந்த வழி கிடையாது. மாலத்தீவும் பூடானும் இரண்டு பேராகச் சேர்ந்து என்ன போட்டி நடத்துவது?

ஆகவே பொறுப்பு பெரிய வீட்டுக்காரர்களிடம்தான். இந்தியா 2036 ஒலிம்பிக்கை நடத்த ஆசைப்படுகிறது. ஒலிம்பிக்கை நடத்த விரும்பும் நாடு, பக்கத்து வீட்டுக்காரர்களின் போட்டி ஏழாவது வருடமாக நடக்காமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நன்றாக இல்லை. பாகிஸ்தானின் முறையைப் பறிக்க வேண்டியதில்லை. சாம்பியன்ஸ் டிராபிக்குச் செய்த மாதிரி சில விளையாட்டுகளை அங்கேயும் மற்றதை கொழும்புவிலோ காத்மாண்டுவிலோ வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1995 டிசம்பரில் 7வது போட்டி இங்கேதான் நடந்தது. வேளச்சேரி நீச்சல் வளாகம் அதற்காகக் கட்டியதுதான். இன்றைக்கும் அதில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

செலவு? ஒரு ஐபிஎல் அணியின் விலையோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. இந்தியா இதில் இழக்கக்கூடியது சில பதக்கங்கள் மட்டுமே, அதுவும் இரண்டாம் வரிசை வீரர்களை அனுப்பினால்.

ஹசன் சாயித் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார். ஓட்டக்காரனின் கால்கள் அரசுகள் பேசி முடிக்கும்வரை காத்திருக்காது. 2019-இல் அவர் ஓடியதைப் பார்த்து ஓடத் தொடங்கிய பத்து வயதுப் பையன் ஒருவன் மாலத்தீவில் இருந்தால், அவனுக்கு இப்போது பதினாறு பதினேழு. சேர்வராயன் மலைப் பள்ளியில் இந்த வருடமும் குறுவட்டப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்துவிடும், பி.டி. சார் பெயர்ப் பட்டியல் எழுதிவிடுவார். அந்தத் தீவுப் பையனின் பயிற்சியாளருக்கு எழுதிக்கொள்ள இன்னும் ஒரு தேதி வரவில்லை.