அகல டயர் ஆசையும் அஞ்சு இஞ்ச் ரிம்மும்

ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் வர முடியலை. இன்னிக்கு எழுத வந்ததுக்குக் காரணம் ஒரு டயர். சிரிக்காதீங்க. வருசத்துக்கு ஒரு தடவை புள்ளகுட்டிகளோட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கார் ஓட்டி ஊருக்குப் போற ஆளுங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். அவங்களுக்காகத்தான் இது.

முதல்ல கொசுவத்தி சுத்திக்கிறேன். நாங்க இருக்கிறது புனே, ஊர் திண்டுக்கல் பக்கம். என் கார் சின்ன ஹாட்ச்பேக். கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14, இரும்பு ரிம் 5ஜே. பழைய டயர் தேய்ஞ்சதும் மாத்தலாம்னு இங்கே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் காரைச் சுத்தி வந்துட்டு, "சாஹப், சௌடா லகாவோ, பகட் அச்சீ ஹோகி"ன்னார். அகலமா போடுங்க, பிடிப்பு நல்லா இருக்கும்னு அர்த்தம். 195/65 ஆர்14 எடுத்துக் காட்டினார். அதே ரிம்லயே உக்காந்துடும், ரிம் மாத்த வேணாம், செலவு மிச்சம்னார்.

எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அன்னிக்கு ராத்திரி டெக்சாஸ்ல இருக்கிற என் மச்சான்கிட்ட கேட்டேன். அவன் அங்கே பண்ணை வேலைக்கு ஏடிவி வச்சிருக்கான். "மாமா, என் வண்டிக்கு 25×8-12 டயர்தான் வந்துச்சு. அதே ரிம்ல 25×10-12 போட்டு ரெண்டு வருசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை. தைரியமா போடுங்க"ன்னான். போட்டுட்டேன். கார் பார்க்க சும்மா ஜம்முன்னு இருந்துச்சு. அபார்ட்மெண்ட்ல ரெண்டு பேர் விசாரிச்சாங்க. தங்கமணி மட்டும், "இதுக்காங்க இவ்வளவு பணம்?"னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை :)

மச்சான் பொய் சொல்லலை. ஆனா அவன் கதை வேற, என் கதை வேற. ஏடிவி டயருக்கு காத்து சுமார் 5 பி.எஸ்.ஐ.தான், பலூன் மாதிரி. ஓடுறது மண்ணுல, சேத்துல, பெரும்பாலும் மெதுவா. டயர் கொஞ்சம் நெளிஞ்சா மண்ணும் சேர்ந்து நெளிஞ்சு கொடுக்கும். காருக்கு 30 பி.எஸ்.ஐ. பக்கம், தார் ரோடு, 100 கிலோமீட்டர் வேகம், அஞ்சு பேர், டிக்கி நிறைய அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய். அங்கே சரிப்பட்டது இங்கேயும் சரிப்படும்னு நம்பினது என் முட்டாள்தனம்.

விசயம் இதுதான். டயர்ல இருக்கிற முதல் எண் அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, பக்கச் சுவரோட உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு. கடைசி எண் ரிம்மோட விட்டம், இஞ்ச்ல. எல்லாரும் விட்டம் 14க்கு 14 பொருந்துதான்னு பார்க்கிறதோட நிறுத்திடறோம். ரிம்மோட அகலத்தை யாரும் கேக்கிறதில்லை. ரிம்லயே 5ஜே×14 மாதிரி அடிச்சிருக்கும். அந்த 5தான் அகலம். டயரோட ரெண்டு விளிம்பும் உள்ளே உக்கார்ற இடத்துக்கு நடுவுல இருக்கிற தூரம் அது, வெளி உதட்டுல டேப்பை வச்சு அளக்கக் கூடாது.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை இஞ்ச்லேர்ந்து இத்தனை இஞ்ச் வரைக்கும் ரிம் போடலாம்னு கம்பெனிகளே பட்டியல் வச்சிருக்கு. 185/70க்கு 4.5லேர்ந்து 6 வரைக்கும். 195/65க்கு 5.5லேர்ந்து 7. என்கிட்ட இருந்தது 5. அதாவது பட்டியலுக்கு வெளியே. கடைக்காரருக்கு அது தெரிஞ்சிருக்கணும். தெரியாம இருந்திருந்தா அது இன்னும் மோசம்.

குறுகின ரிம்ல அகல டயரை மாட்டினா, கீழ் விளிம்பு ரெண்டும் உள்ளே இழுபட்டு, சுவர் ரெண்டும் வெளியே பிதுங்கும். ரோட்டுல படற பாகம் தட்டையா இல்லாம முதுகு கூனின மாதிரி ஆயிடும். நடுப்பாகம் மட்டும் சீக்கிரம் தேயும். வளைவுல சுவர் சாயறதால ஸ்டியரிங்க் திருப்பினதுக்கு ஒரு நொடி கழிச்சு கார் கேக்கும். அதோட, ரிம் அகலம் அரை இஞ்ச் குறைஞ்சா டயரோட அகலமும் சுமார் 5 மி.மீ. குறையும். 195/65ஐ அளக்க வச்சிருக்கிற ரிம் 6 இஞ்ச். என்னுது 5. ஆக, காசு கொடுத்து வாங்கின 30 மி.மீ.ல பத்து அங்கேயே போச்சு!

இன்னொரு தப்பு நம்பிக்கை: அகல டயர்னா ரோட்டுல அதிக இடம் படும்னு. ஒரு சக்கரத்துல 300 கிலோ பாரம், காத்து 30 பி.எஸ்.ஐ. இருந்தா, ரோட்டைத் தொடற பரப்பு சுமார் 140 சதுர செ.மீ. டயரோட விறைப்பால கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனா அகலத்தைக் கூட்டினதால அது பெருசா கூடாது, வடிவம்தான் மாறும். நீளம் குறைஞ்சு அகலம் கூடும். காய்ஞ்ச ரோட்டுல வளைவுக்கு இது கொஞ்சம் உதவும். தண்ணியில உல்டா. அகல டயர் அதிகத் தண்ணியைத் தள்ளணும், தள்ள முடியலைன்னா மேல ஏறி மிதக்கும்.

அப்படித்தான் மிதந்தது. ரெண்டு வருசம், 28 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. ஜூன் மாசம் லீவு முடிஞ்சு திரும்பி வர்றோம். பெல்காம் தாண்டி கோலாப்பூர் நெருங்கறப்ப மழை. வேகம் 80தான் இருக்கும். ரோட்டுல தேங்கி நின்ன தண்ணியில ஏறினதும் ஸ்டியரிங்க் திடீர்னு லேசாயிடுச்சு. திருப்பினேன், கார் கேக்கலை. பக்கத்து லேன்ல லாரி. ரெண்டு நொடி இருக்கலாம். அப்புறம் டயர் ரோட்டைப் பிடிச்சுது. பின்சீட்ல அம்மா "என்னப்பா?"ன்னு கேட்டாங்க. மக அவங்க மடியில தூங்கிட்டு இருந்தா. எழுந்திரிக்கவே இல்லை.

கோலாப்பூர்ல ஒரு பஞ்சர் கடையில நிறுத்தி அளந்து பார்த்தோம். ஓரத்துல பட்டன் 5 மி.மீ., நடுவுல 2க்குக் கொஞ்சம் மேல. சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம், ஆனா மழைக்கு அது போதாது. காத்து 35 அடிச்சு ஓட்டினது என் தப்பு, அதுவும் நடுவுல தேய ஒரு காரணம். ஆனா பாதிக் காரணம் அந்த ரிம். அந்தப் பெரியவர் ரிம்மைத் தடவிப் பார்த்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க...

ஸ்டெப்னியை மாத்திப் போடலாமான்னு பார்த்தா, அது பழைய 165. புதுசோட விட்டத்தைவிட ஒரு செ.மீ. பெருசு. முன் அச்சுல ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் இதையும் போட்டு புனே வரைக்கும் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. 60க்கு மேல போகாம புனே வந்து சேர ராத்திரி ஆயிடுச்சு.

அகலமே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. என் காருக்கு 185/70 ஆர்14 போட்டிருந்தா 5 இஞ்ச் ரிம்முக்குப் பட்டியல்லயே இடம் இருக்கு, விட்டமும் ஒரு சதவீதம்கூட மாறாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பாரக் குறியீடு பழைய டயரோடதைவிடக் குறையாம இருக்கணும், அதையும் பார்த்துக்குங்க. அதுக்கு மேல அகலம் வேணும்னா ரிம்மையும் மாத்தணும். அதுக்குக் காசில்லைன்னா, பழைய அளவுலயே நல்ல ரகமா வாங்குங்க. ஈரத்துல பிடிக்கிற டயரை அகலத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரப்பரும் வெட்டும்தான் பேசும்.

நான் இப்போ 165/80க்கே திரும்பிட்டேன். நாலோட ஸ்டெப்னியும் சேர்த்து அஞ்சு, வேற கடையில. தயாரிச்ச வாரமும் வருசமும் நாலு இலக்கமா பக்கச் சுவர்ல இருக்கும், அதையும் பார்த்துத்தான் வாங்கினேன். காத்து, டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற சீட்டுல இருக்கிற அளவு. ஆள் நிறைய ஏறினா அதுலயே முழுப் பாரத்துக்குன்னு தனியா போட்டிருக்கிற அளவு.

மச்சானுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்படியா மாமா, நான் ஏடிவிக்குத்தானே சொன்னேன்?"ங்கிறான்.