சிப் ஆலையில் நம் பங்கு எங்கே?

நகத்தளவே உள்ள ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. கைபேசி, வங்கி அட்டை, ரேஷன் கடையில் விரல் ரேகை பார்க்கும் கருவி என்று அது சேரித் தெரு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதை வாங்கவும் பயன்படுத்தவும் நம் மக்களுக்குத் தெரியும். அதைச் செய்யும் தொழிலில் நம் இடம் எது என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலை நாட்டில் நிலைநாட்ட மக்கள் பணம் அள்ளிக் கொடுக்கப்படும் இந்த நேரத்தில்தான் அதைக் கேட்டாக வேண்டும்.

ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் செமிகண்டக்டர் தொழிலுக்காக 76,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. குஜராத் மாநிலம் சனந்தில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் அமைக்கும் ஆலையின் செலவில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும், 20 விழுக்காட்டை மாநில அரசும் தருவதாக 2023இல் ஒப்பந்தமானது. நூறு ரூபாய் முதலீட்டில் எழுபது ரூபாய் மக்கள் பணம். தமிழ்நாடு அரசும் 2025 நிதிநிலை அறிக்கையில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. இந்தப் பணத்தில் நாற்று நடும் பெண் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் இருக்கிறது.

ஆனால் வேலை என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிகளுக்கானது. 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய மொகாலி சிப் ஆலை அரசு நிறுவனம் என்பதால் அங்கே இட ஒதுக்கீடு உண்டு. சனந்த் ஆலை தனியாருடையது, அங்கே கிடையாது. எழுபது பங்கு பணம் போட்டவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்று கேட்கச் சட்டத்தில் வழி இல்லை.

‘தனியார் ஆலைகளிலும் நம் பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்களே’ என்று சிலர் சொல்வார்கள். போகிறார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, கடல் கடந்து நடந்த ஒரு கதையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஷிப்ராக் என்றோர் ஊர். நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். சிப் தொழிலின் முன்னோடிகளில் ஒன்றான ஃபேர்சைல்டு நிறுவனம் 1965இல் அங்கே ஆலை தொடங்கியது. தொழிலாளர்களின் பயிற்சிக்கு அரசு பணம் கொடுத்தது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நவாஹோ மக்கள் அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 1969இல் நிறுவனம் ஒரு சிற்றேடு வெளியிட்டது. நவாஹோ பெண்கள் நெய்யும் கம்பளத்தையும் சிப்பின் கோலத்தையும் ஒப்பிட்டு, அவர்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வருகிறது என்ற பொருளில் அது பாராட்டியது.

கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பிறப்பைச் சொல்லி வேலையை ஒதுக்குவது நமக்குப் புதிதா என்ன? பறை அடிப்பதும் மலம் அள்ளுவதும் ‘உங்களுக்குக் கைவந்த தொழில்’ என்று சொல்லித்தானே நம் தலையில் கட்டினார்கள்? கைத்திறனைப் பாராட்டியவர்கள் அந்தப் பெண்களுக்குச் சிப்பை வடிவமைக்கக் கற்றுத்தரவில்லை. ஆட்குறைப்பு வந்தது. 1975 பிப்ரவரியில் அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்றிப் போராடினார்கள். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. பத்தாண்டு உழைத்தவர்களிடம் மிஞ்சியது, அந்த ஆலைக்கு வெளியே விலைபோகாத ஒரு கைவேலை.

அதே கதையை ஸ்ரீபெரும்புதூரிலும் பார்த்தோம். நோக்கியா 2006இல் இங்கே கைபேசி செய்யத் தொடங்கியபோது அரசு நிலமும் வரிச் சலுகையும் கொடுத்தது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. இருபது வயதில் உள்ளே போன ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முப்பதை எட்டுமுன் வெளியே வந்தார்கள். கைபேசியின் ஒரு பாகத்தைப் பொருத்தத் தெரியும். முழுக் கைபேசியைப் பழுது பார்க்கத் தெரியாது.

இன்றும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள், ஒப்பந்த நிறுவனங்கள் மூலமாக இங்குள்ள மின்னணு ஆலைகளில் சேர்ந்து விடுதிகளில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்றபோது அவர்கள் நெடுஞ்சாலைக்கு வந்துதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சங்க உரிமைக்காகத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை கிடைப்பது ஒன்று. தொழிலில் பங்கு கிடைப்பது வேறு.

பணம் கொடுப்பவர் நிபந்தனை போட முடியாதா? அமெரிக்காவில் போட்டார்கள். 2022ஆம் ஆண்டு சிப் சட்டத்தின் கீழ் 15 கோடி டாலருக்கு மேல் அரசு உதவி கேட்கும் நிறுவனங்கள், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பராமரிக்கும் திட்டத்தையும் காட்ட வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. நம் மண்ணிலும் முன்னுதாரணம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாக, அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது, கண்காணிக்க ஆளில்லாமல் போனதால். மின்னணு ஆலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவைதான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, அரசு மானியம் பெறும் ஒவ்வொரு மின்னணு ஆலையும் பொறியாளர், மேற்பார்வையாளர், தொழில்நுட்பர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று ஒவ்வொரு படியிலும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 21 பேர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். அந்த அளவு பங்கை எல்லாப் படிகளிலும் தருவதாக மானிய ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தவறினால் மானியத்தைத் திரும்பப் பெற வேண்டும். மூன்றாவது, ஆலை கதவுக்கு வெளியேயும் செல்லுபடியாகும் சான்றிதழோடு பயிற்சி தர வேண்டும். இவற்றைக் கண்காணிக்கும் குழுவில் தொழிற்சங்கமும் நம் மக்களும் இருக்க வேண்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு சொல். பிளஸ் டூ முடித்ததும் விடுதியும் உணவும் தருகிறோம் என்று ஆள் எடுப்பவர்கள் வந்து நிற்பார்கள். வீட்டுச் சூழல் அதில் ஏறச் சொல்லும். போவதில் இழிவில்லை. ஆனால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் படிப்புகளில் நமக்கு இடமும் உதவித்தொகையும் இருப்பதைக் கேட்டறிந்த பிறகு முடிவு செய்யுங்கள். தாட்கோ நடத்தும் பயிற்சிகளையும் விசாரியுங்கள். பாகத்தைப் பொருத்துபவருக்கு மாதச் சம்பளம்தான் கிடைக்கும். அதை வடிவமைப்பவர்தான் அடுத்து எது செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்கிறார். அந்த நாற்காலியில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். அதற்கான படிப்பை அவர்கள் படிக்கட்டும். அதற்கான நிபந்தனையை எழுத வைப்பது நம் வேலை.