பயத்துக்கும் மருந்து உண்டு

பல்லுக்கு வேர்ச் சிகிச்சை என்றதும், "வேண்டாம் டொக்டர், பிடுங்கிவிடுங்கோ" என்பவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். 2009 வரை போரின் ஷெல்லடிக்குள் வாழ்ந்தவருக்கு, முகத்தில் அடிக்கும் வெளிச்சமும் வாய்க்குள் இரையும் மெசினும் பழையதைக் கிளறலாம். அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லக்கூடாது. வலியைத் தடுப்பது விறைப்பூசி. அழற்சி கண்ட பல்லில் அது சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு, இன்னொரு ஊசி கேட்கலாம். பயத்துக்கு மருந்து வேறு. 1844இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்துச் சோதித்த நைட்ரஸ் ஒக்சைட் வாயு அதில் ஒன்று; அதன் மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். நாளத்தில் ஏற்றும் மருந்துக்குப் பயிற்சி பெற்றவரும் கண்காணிப்புக் கருவியும் வேண்டும். எளிய வழி டயசிபாம் போன்ற மாத்திரை, அதுவும் வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும். போட்டுவிட்டுக் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குத் தனியே மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கூட்டிப்போக ஆள் வேண்டும். நோயாளி வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காமல் வைத்தியரே கேட்கட்டும்: "பயமா இருக்கோ? நிப்பாட்டவேணுமெண்டா இடக்கையைத் தூக்குங்கோ." கை உயர்ந்ததும் உண்மையாகவே நிறுத்தவும் வேண்டும்.