தோட்டம் இருக்கிறது, அடுப்பு எங்கே?

பள்ளிக்கூடத்தில் தோட்டம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். 2019ஆம் ஆண்டில் மத்திய அரசே, மதிய உணவுத் திட்டத்தின்கீழ், பள்ளிதோறும் காய்கறித் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. தோட்டம் ஒன்றுக்கு 5000 ரூபாய் என்று தொகையும் குறித்தது. பிள்ளைகள் மண்ணோடு பழக வேண்டும், தாமே விளைவித்த காய்கறியை உண்ண வேண்டும் என்பது நோக்கம். 2021இல் திட்டத்தின் பெயர் பி.எம். போஷண் என்று மாறியது. நோக்கத்தில் குறை காண நான் எழுதவில்லை. நாற்று நடுகின்ற நாளில் கூடுகின்ற கூட்டம், கீரை பறிக்கின்ற நாளில் காணாமற்போவதேன் என்பதே என் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது அரசின் அளவு. நடுநிலை வகுப்பினருக்கு 75 கிராம். நூறு சிறுவர் பயிலும் தொடக்கப் பள்ளிக்கு நாளைக்கு 5 கிலோ. பள்ளி நடக்கும் நாட்களை 200 என்று கொண்டால், ஆண்டுக்கு 1000 கிலோ! நன்றாகப் பேணிய ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு போகத்திற்கு ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ தண்டுக்கீரை கிடைக்கும். நாற்பது சதுர மீட்டர் இடம் இருந்தாலும் 50 கிலோதான். பத்து நாளைக்குக் காணும், அவ்வளவே.

ஆகவே, பள்ளித் தோட்டம் பிள்ளைகளின் பசியைத் தீர்க்கும், ஊட்டக் குறைவைப் போக்கும் என்று மேடையில் முழங்குவோரை நம்பாதீர்கள். அதைவிட, "தோட்டம்தான் இருக்கிறதே, காய்கறிக்குப் பணம் எதற்கு?" என்று நாளை எவரேனும் கேட்டால் உரத்த குரலில் எதிர்த்து நில்லுங்கள். தட்டை நிரப்புவது அரசின் கடமை. நான்கு பாத்திகளின் தலையில் அந்தச் சுமையை ஏற்றலாகாது.

அப்படியானால் தோட்டம் எதற்கு? நாவுக்கும் அறிவுக்கும். கீரை என்றால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் சிறுவன், தானே விதைத்து, தானே நீர் வார்த்து, தானே ஆய்ந்து கொடுத்த கீரை கடைசலாக வரும்போது ஒதுக்குவதில்லை. தார்நாக்காவை அடுத்த ஒரு சிறு பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் நண்பர்கள் சிலரோடு சென்று வருகிறேன். அங்கே நான் கண்டது இது. விதைத்ததற்கும் உண்டதற்கும் நடுவே ஓர் அடுப்பு இருந்தது. அதுதான் வேலை செய்தது. ஐதராபாத்தின் பள்ளிகள் பலவற்றிற்கு மதிய உணவு எங்கோ ஒரு பெரிய பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருகிறது. தூய்மையிலும் ஒழுங்கிலும் அதற்குச் சிறப்பு உண்டு. ஆனால், அத்தகைய பள்ளியில் விளைந்த கீரையை என்ன செய்வது? வாடகைக்குக் குடியிருப்பவன் வளர்த்த வாழையின் கதிதான் அதற்கும்.

இந்த ஊர் மக்களின் மொழி இதனை என்றோ அறிந்திருக்கிறது. தண்டுக்கீரைக்குத் தெலுங்கில் 'தோட்டகூர' என்று பெயர். 'தோட்ட' என்பது நம் தோட்டமே. 'கூர' என்பது செடியில் நிற்கும் கீரை காய்க்கும் பெயர், சட்டியில் வெந்த கறிக்கும் அதே பெயர்!

அறிவியல் மாணவர் நம்மவருள் பலர். நமக்கு இங்கே வேலை மிகுதி. கீரையை அரிந்தபின் கழுவாமல், கழுவியபின் அரிய வேண்டுவதேன்? நீரில் கரையும் வைட்டமின்கள் கழுநீரோடு போய்விடும். வேகும்போது ஒரு கரண்டி எண்ணெய் ஏன்? கீரையிலுள்ள கரோட்டினை உடல் ஏற்பதற்குக் கொழுப்புத் துணை வேண்டும். நூலில் படித்தால் மறந்துபோகும். கையில் கீரைக்கட்டோடு கேட்டவன் மறக்க மாட்டான். தார்நாக்காவிலேயே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் என்பார் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடம் அது. 1958இல்தான் இங்கு வந்தது. நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்குக் குடியேறியதுதான். அதன் சுற்றுச்சுவரை நாள்தோறும் கடந்து செல்லும் நாம், உள்ளே கண்டறிந்ததைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க ஏன் தயங்க வேண்டும்?

இங்கே ஒரு தடை எழும், எழ வேண்டியதே. "படிக்க வந்த பிள்ளையிடம் மண்வெட்டியையா கொடுப்பது? இது குலக்கல்வி அன்றோ?" தமிழன் இதனைக் கேட்காமல் இருக்க முடியாது. 1953இல் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிகுந்த நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்ன திட்டமும், அதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும், 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. கைத்தொழில் வழிக் கல்வியைக் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்தபோது, அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். அவர் இதே ஐதராபாத்தில் பிறந்தவர். அக்கல்வியிலும் தோட்ட வேலை உண்டு. வேறுபாடு எங்கே? பிறப்பைக் கொண்டு வேலையைப் பகுப்பது ஒன்று. எல்லோரும் எல்லா வேலையும் செய்வது மற்றொன்று. ஏழைப் பிள்ளை தண்ணீர் சுமக்க, பெண் பிள்ளைகள் காய் அரிய, ஏனையோர் வேடிக்கை பார்க்கும் தோட்டம் எனில், அதனை மூடிவிடுவதே மேல். சீட்டுக் குலுக்கி வேலையைப் பிரிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளும் வெங்காயம் உரிக்க வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்த்து நின்றனர். பத்து வயதில் எல்லோருமாகச் சேர்ந்து ஆய்ந்த கீரையை ஒரே சட்டியிலிருந்து உண்டவனுக்கு அந்தப் புத்தி எளிதில் வராது என்று நம்புகிறேன்.

மற்றோர் அச்சமும் உண்டு, அது நியாயமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டிலிருந்து பரவிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. 2013இல் அதே ஜூலை 16 அன்று பீகாரில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். ஆகவே, பெரிய அடுப்பின் அருகே சிறுவர் செல்லவே கூடாது. பறிப்பது, கழுவுவது, ஆய்வது, பயறு முளைகட்டுவது, வெள்ளரியும் தேங்காயும் சேர்த்துக் கோசுமல்லி கலப்பது என்று தீயில்லாத வேலைகள் போதிய அளவு இருக்கின்றன. வாணலியைப் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் தொலைவில் நின்று காணட்டும். பூச்சிமருந்துப் புட்டி பள்ளி எல்லைக்குள் நுழையவே வேண்டாம்.

பெரும்பாலான தோட்டங்கள் கோடையில்தான் சாகின்றன. ஏப்ரல் இறுதியில் பள்ளி மூடும். ஜூன் நடுவில் திறக்கும். இடையில் இந்நகரின் வெயிலில் தண்டுக்கீரை நிற்குமா? முருங்கை நிற்கும், வேர் ஊன்றிய கறிவேப்பிலை நிற்கும். அவற்றை வேலியோரம் வைத்துவிட்டு, பாத்திகளை ஜூன் மழையோடு தொடங்கினால் ஒரு மாதத்தில் முதல் கீரை.

நம் சங்கத்தார் இவ்வாண்டு விழாவுக்குத் திரட்டும் பணத்தில் சிறு பகுதியை இரண்டு பள்ளிகளுக்கு ஒதுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். விதைக்கு அதிகம் ஆகாது. ஒரு எரிவாயு அடுப்பு, இரண்டு பாத்திரங்கள், வாரம் மூன்று மணி நேரம் தரக்கூடிய ஆறு பேர் வேண்டும். தெலுங்கு தெரியாதவரும் வரலாம். சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.